நாற்றமில்லாத முப்பத்தெட்டுப் போத்தல்கள்

புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு ஹீன்கந்தை ரப்பர்த் தோட்டத்தில், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் இருந்தவர்கள் ஏழு பேர். அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்கள் இவை.

கொழும்பிலிருந்து வந்த டொக்டர் ஜனார்த்தனன், ஆயாவின் மெத்தை வைத்த நாற்காலியில், மின்விசிறிக்கு நேர் கீழே. அவருக்கு வலப்பக்கம் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் சுந்தரலிங்கம், பெயர்ப் பதிவேட்டைத் தொடையில் வைத்தபடி. ஜன்னல் திட்டில், நீல நிற ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில், டொக்டருக்காக மாதிரி சேகரிக்கும் ராகினி. எஹலியகொட கடைவீதிப் பெண், ஆறு மாத ஒப்பந்த வேலை. பிள்ளைகள் சோறு தின்னும் குட்டைப் பெஞ்சில், முழங்கால் மார்பை முட்ட, செல்லையாவும் மனைவி இருளாயியும். கதவோரத்துப் பிளாஸ்டிக் கதிரையில் விஜயகலா. அவளுக்கு முன்னால், கவிழ்த்து வைத்த பால்மா டின்னில், டின்னை முழுக்க மறைத்துக்கொண்டு றிஸாத்.

விஜயகலா யட்டியாந்தோட்டை பஜாரில் மனு எழுதிக் கொடுப்பவள். இருபது வருடம் தோட்டத்து ஒஃபிஸில் தட்டச்சு செய்தவள். பொய்க் கடிதத்தை முதல் பந்தியிலேயே மோப்பம் பிடிப்பாள் என்று பேர் வாங்கியதால், கடிதம் எழுத வருகிறவர்களைவிடக் கடிதத்தைத் துருவச் சொல்லி வருகிறவர்கள் இப்போது அதிகம். றிஸாத் அவளுடைய த்ரீவீல் சாரதி. வயது நாற்பத்தாறு. வாய்க்கு வயதில்லை.

மேசையில் மூன்று பொருள்கள் இருந்தன: ஆங்கிலத்தில் அடித்த சம்மதப் படிவக் கட்டு, கைரேகைக்கு மைப்பெட்டி, வெள்ளைக் கப்சூல் அடங்கிய அட்டைப்பெட்டி. முதல் கப்சூல் செல்லையாவுக்கு. பட்டியலில் முதல் பெயர் அவருடையது. மற்ற முப்பத்தேழு பேரும் வெளியே கூரை இறவாணத்துக்குக் கீழே குந்தியிருந்தார்கள்.

“மறுபடியும் சொல்றேன், பயப்பட ஒன்றுமில்லை,” என்றார் டொக்டர். சுந்தரலிங்கத்தின் பேனையை வாங்கித் திருப்பிக் கொடுத்திருந்தார். உடனே சின்னக் குப்பியிலிருந்து கிருமிநாசினியைப் பிதுக்கி, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக்கொண்டார். வந்ததிலிருந்து இது ஐந்தாவது தடவை. விஜயகலா எண்ணிக்கொண்டிருந்தாள். “சிறுநீரகத்துக்குள்ளே மயிர் மாதிரி மெல்லிய குழாய்கள் இருக்கு. அந்தக் குழாய் காயப்பட்டால் அதன் சுவரிலிருந்து ஒரு புரதம் உதிர்ந்து சிறுநீரில் வரும். கிம்-வன் என்று பேர். நல்ல சிறுநீரகத்தில் அது இல்லாத மாதிரிதான். உங்கள் முப்பத்தெட்டுப் பேருக்கும் அது எக்கச்சக்கம். இந்தக் கப்சூல் அந்தப் புரதத்தையே பிடித்து அடக்கும்.”

“பேரைக் கேட்டா கொரியாவுக்கு வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரி இருக்கு,” என்றான் றிஸாத். “டொக்டர், ஒரு சின்ன சந்தேகம். கள்ளன் வந்தா நாய் குரைக்குது. குரைச்சாத்தான் கள்ளன் வந்தது தெரியும். நீங்க நாயோட வாயைக் கட்டப் போறீங்களா?”

டொக்டர் அவனைப் பார்க்காமல் சிரித்தார். “நல்ல கேள்வி. சில நாய் கள்ளன் போன பிறகும் நிறுத்தாமல் வீட்டுக்காரனையே கடிக்கும். இந்தப் புரதமும் அப்படித்தான். நீண்ட நாள் நின்றால் அதுவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால்தான் உலகத்தில் பல இடத்தில் இதை ஆராய்ச்சி செய்கிறார்கள்.”

அது உண்மை என்று விஜயகலாவுக்குத் தெரியும். இரண்டு நாள் உட்கார்ந்து வாசித்திருந்தாள். புரதத்தில் பொய் இல்லை. ஆனால் இந்த அறைக்குள் ஏதோ அழுகியிருந்தது.

திங்கட்கிழமை இருளாயி அவளைத் தேடி பஜாருக்கு வந்து சொன்னது இவ்வளவுதான். செல்லையாவின் அண்ணன் கிட்னி வருத்தத்தில் செத்தவர். இப்போது செல்லையாவுக்கும் அதுதான் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. புது மருந்தோடு மோதும் என்று, கிளினிக்கில் கொடுத்த பிரஷர் குளிசையை நிறுத்தச் சொல்லி ஆறு நாள். ஆறு நாளாக மனிதருக்குத் தலை வெடிக்கிறது. காலையில் எழும்பினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். “ரிப்போர்ட் உண்மைன்னா குடிக்கட்டுங்க மிஸ். நான் தடுக்கல. பொய்யின்னா அந்த மனுசன் எதுக்குங்க இப்படித் தல சுத்தி விழணும்?”

விஜயகலா ரிப்போர்ட்டை எடுத்து விரித்தாள்.

“டொக்டர், முப்பத்தெட்டில் முப்பத்தெட்டுமா? இதில் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளும் இருக்குதுகள்.”

“தோட்டத்துத் தண்ணீர், மருந்துத் தெளிப்பு. யாருக்குத் தெரியும்? அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறோம்.”

“மூன்றாவது நிரலில் நாற்றம் என்று போட்டு, எல்லோருக்கும் ‘இல்லை’ என்று எழுதியிருக்கு.”

“மூத்திரத்துக்கு நாத்தம் இல்லையாம்,” என்றான் றிஸாத். “இது என்ன, கல்யாண வீட்டுல தெளிக்கிற பன்னீரா?”

“அசாதாரண நாற்றம் இல்லை என்று அர்த்தம்,” என்றார் டொக்டர், சலிப்போடு.

“அன்றைக்குப் போத்தல் எல்லாம் எங்கே இருந்தது?”

பதில் சுந்தரலிங்கத்திடமிருந்து வந்தது. “முதல் நாள் பின்னேரம் பெரட்டுல வச்சுக் குடுத்தோம். விடிய கொண்டாந்து குடுத்தாங்க. எட்டு மணிக்கு வர வேண்டிய வேன், மண்சரிவுல மாட்டி மூணு மணிக்குத்தான் வந்துச்சு. அதுவரைக்கும் பால் ஸ்டோர்ல வச்சிருந்தோம். வேற எங்கங்க பூட்டுற இடம் இருக்கு?”

பெரட்டு என்றால் காலையும் மாலையும் ஆள் எண்ணும் இடம். ஆணும் பெண்ணும் நிற்க, ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் உரக்கக் கூப்பிட்டு மூத்திரப் போத்தலை நீட்டியிருக்கிறார்கள்.

ஜன்னல் திட்டில் ராகினி ஐஸ் பெட்டியின் மூடியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“படிவம் பதினான்கு பக்கம். தமிழில் இவர்களுக்குச் சொல்ல வேண்டும். எனக்கு அரை மணித்தியாலம் தாருங்கள்,” என்றாள் விஜயகலா. “செல்லையா அண்ணே, அந்த ஸ்டோரை ஒருக்கா காட்டுங்க.”

*

பால் ஸ்டோர் என்பது ரப்பர் பாலை நிறுத்து, லொறி வரும்வரை வைத்திருக்கும் சீமெந்துக் கொட்டகை. ஐம்பது மீட்டருக்கு முன்னாலேயே மூக்கு எச்சரித்தது. உறைந்த பாலின் புளித்த வாடை. அதற்கு மேல், மூக்குத்தண்டில் ஊசி குத்துவது போல இன்னொன்று.

“அக்கா, எனக்கு அழுகை வருது,” என்றான் றிஸாத், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஆனா கவலை ஒண்ணுமில்ல.”

“அமோனியாங்க,” என்றார் செல்லையா. முப்பது வருடம் பால் வெட்டியவர். கால் வீங்கத் தொடங்கிய பிறகு ஸ்டோரில் நிறுவைக்கு வைத்திருந்தார்கள். “லொறி பிந்துனா பால் கட்டியாயிரும். கொஞ்சம் இத ஊத்துனா கட்டாது, கெடாது.”

மூலையில் பழுப்பு நிறக் கலன். பக்கத்தில், கழுத்தில் நூல் கட்டிய சொட்டுக் குழாய். விஜயகலா அதைப் பார்த்தாள். பிறகு போத்தல்கள் வைத்திருந்த மேடையைப் பார்த்தாள். இரண்டுக்கும் இடையில் ஓரடி தூரம்.

“அன்றைக்குப் போத்தலுக்குக் காவல் யாரு?”

“நாந்தாங்க.”

“காலை எட்டிலிருந்து மூணு வரைக்கும். நல்ல வெயிலா?”

“தகரம் காயுது. உள்ள நிக்க முடியல.”

“சாமான் கெட்டுப்போயிடுமேன்னு நினைச்சீங்களா, அண்ணே?”

செல்லையா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். வீங்கிய முகத்தில் கண் இரண்டும் சிறு கீறல்களாகத் தெரிந்தன.

“நாலு நாலு சொட்டுங்க,” என்றார் கடைசியில். “ஒவ்வொண்ணுலயும். மூடியத் தொறந்து, போட்டு, இறுக்கி மூடி வச்சேன். கெடக் கூடாதுன்னுதான். கொழும்புக்கு நல்லபடியாப் போய்ச் சேரட்டும்னு. அப்புறம் பாத்தா எல்லாருக்கும் வருத்தம்னு ரிப்போர்ட்டு வருது. நான் போட்ட அமோனியாதான் அப்படிக் காட்டிருச்சுன்னு நெனச்சேன். பொஞ்சாதிகிட்டக்கூடச் சொல்லல. முப்பத்தெட்டுக் குடும்பத்தையும் நான் கெடுத்துட்டேனோன்னு...”

“அப்ப எதுக்கு அண்ணே நீங்களே மொதல் ஆளா குளிசை முழுங்க வந்தீங்க?” றிஸாத்தின் குரலில் முதல் தடவையாகப் பகிடி இல்லை.

“கெடுத்தவன்தானே மொதல்ல திங்கணும்.”

விஜயகலா அந்தச் சொட்டுக் குழாயைக் கையில் எடுத்தாள்.

“றிஸாத், நாலு சொட்டு இதை ஊத்தின போத்தலை ஏழு மணித்தியாலம் கழிச்சுத் திறந்தா எப்படி இருக்கும்?”

“திறந்தவன் பொறந்த ஊருக்கே ஓடுவான்.”

“ரிப்போர்ட் என்ன சொல்லுது?”

“நாத்தம் இல்லை.” சொல்லிவிட்டு றிஸாத் வாயை மூடிக்கொள்ள மறந்தான்.

“அண்ணே, நீங்க ஒருத்தரையும் கெடுக்கல,” என்றாள் விஜயகலா. “நான் கேட்கிற வரைக்கும் இதை யாரிட்டயும் சொல்ல வேண்டாம். கேட்டதும், என்னிடம் சொன்ன மாதிரியே சொல்லுங்க. அந்தக் குளிசையைத் தொட வேண்டாம்.”

*

பத்து நாற்பதுக்கு எல்லோரும் பழைய இடத்தில் இருந்தார்கள். டொக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“படிவம் சரி, டொக்டர். ஒரே ஒரு பயம்தான் இவர்களுக்கு,” என்றாள் விஜயகலா. “போத்தல் எல்லாம் பின்னேரம் வரைக்கும் வெயிலில் இருந்ததே, பழுதாகிப் பிழையான முடிவு வந்திருக்குமோ என்று. நல்ல நிலையில் கிடைத்தது என்று நீங்கள் உங்கள் கையால் இரண்டு வரி எழுதித் தந்தால், நான் அதை வாசித்துக் காட்டுவேன்.”

“இவ்வளவுதானா?” டொக்டருக்கு நிம்மதி. இந்த மாதத்துக்குள் முப்பது நோயாளிகளாவது சேராவிட்டால் பரிசோதனை வேறு நாட்டுக்குப் போய்விடும் என்று காலையில் அவரே சொல்லியிருந்தார். பேனையை எடுத்து மளமளவென்று எழுதினார். எழுதியதை வாசிக்கவும் செய்தார். “முப்பத்தெட்டு மாதிரிகளும் என் முன்னிலையில் பெறப்பட்டன. குளிர் குறையவில்லை. தெளிவானவை, இள மஞ்சள் நிறம், அசாதாரண நாற்றம் இல்லை. போதுமா?”

“திகதியும் கையொப்பமும்.”

இரண்டையும் போட்டார். கடதாசி விஜயகலாவின் கைக்கு வந்தது. அவர் கிருமிநாசினியைப் பிதுக்கினார்.

“ஒரு சந்தேகம், டொக்டர். யாராவது அதில் அமோனியா ஊற்றியிருந்தால்?”

“அமோனியாவா? ஒரு சொட்டு விழுந்தாலும் எங்களுக்குத் தெரிந்துவிடும். தாள் பட்டையை வைத்தாலே காட்டிக் கொடுக்கும். அப்படிப்பட்டதை அந்த நிமிஷமே கழித்துவிடுவோம்.”

“செல்லையா அண்ணே,” என்றாள் விஜயகலா.

செல்லையா குட்டைப் பெஞ்சிலிருந்து கையூன்றி எழுந்தார். சொன்னார். நாலு நாலு சொட்டு. முப்பத்தெட்டிலும்.

“ஏன்டா, ஒனக்குப் பைத்தியமா?” சுந்தரலிங்கம் பதிவேட்டைக் கீழே போட்டார். “ஒன்னை யாரு ஊத்தச் சொன்னா?”

“ஸ்டோருக்கு வந்த சாமான், லொறி பிந்துனா அமோனியா போடுன்னு ஒஃபிஸ்ல இருக்கிற நீங்கதானேங்க முப்பது வருஷமாச் சொல்றீங்க? போடாட்டி அரை நாள் பேர வெட்டிச் சம்பளத்தக் கொறைக்கிறீங்க.”

வெளியே இறவாணத்தில் யாரோ சிரித்து, உடனே அடங்கினார்கள்.

டொக்டரின் முகம் மாறியது அரை நொடிதான். பிறகு வழமைக்கு வந்துவிட்டார். “வழியில் ஆவியாகிப் போயிருக்கும். நாலு சொட்டு என்ன பெரிய...”

“மூடியை இறுக்கித்தான் மூடினாராம்.”

“கேளுங்கள் அம்மா, நீங்கள் மனு எழுதுகிற ஆள். இது விஞ்ஞானம். நான் என் கண்ணால் பார்த்தேன். என் முன்னால்தான் பெட்டியைத் திறந்தார்கள்.”

“பெட்டி வெறும் பெட்டி, சேர்.”

சொன்னது ராகினி. ஜன்னல் திட்டிலிருந்து இறங்கியிருந்தாள். சத்தம் போடவில்லை. பதிலுக்காகப் பல நாள் காத்திருந்து களைத்துப் போன குரல்.

“வேன்ல ஏத்துறப்ப ஒண்ணைத் திறந்து பாத்தேன். கண் எரிஞ்சு போச்சு. இன்னொண்ணு. அதுவும் அப்படி. எல்லாம் நாசம். மறுபடியும் முப்பத்தெட்டுப் பேருகிட்டப் போய்க் கேக்கணும். என்னாலதான் கெட்டுச்சுன்னு என்னை வேலையை விட்டு எடுத்துருவீங்கன்னு பயம். போத்தல் எல்லாத்தையும் ஒரு சாக்குல போட்டு மதகுக்குக் கீழ ஒளிச்சிட்டேன். வெறும் பெட்டிக்கு சீல் வச்சு அனுப்புனேன். நீங்க கோல் எடுத்து ஏசுவீங்கன்னு மூணு நாள் ஃபோனைக் கையிலயே வச்சிருந்தேன், சேர். ஒருத்தரும் எடுக்கல. நாலாம் நாள் ரிப்போர்ட் வந்துச்சு.”

“எந்த மதகு, தங்கச்சி?” என்று கேட்டான் றிஸாத், டின்னிலிருந்து எழும்பி.

அவன் திரும்பி வரப் பதினைந்து நிமிடமானது. அவனுக்கு முன்னால் நாற்றம் வந்தது. இறவாணத்துப் பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பினார்கள். நீளமான தடியின் நுனியில் உரச்சாக்கு தொங்கியது. வாசல் படியில் அதை இறக்கி, அவன் ஓரமாகப் போய்க் குமட்டிவிட்டு வந்தான்.

“எண்ணிட்டேன் அக்கா. முப்பத்தெட்டு. எண்ணினதுக்கு எனக்குத் தனியா ஒரு கடிதம் எழுதித் தரணும், சொர்க்கத்துல காட்ட.”

பதின்மூன்று நாள் வெக்கையில் போத்தல்கள் உப்பியிருந்தன. உள்ளே இருந்தது கலங்கி, கறுத்து, அடியில் தடித்த படிவாகத் தங்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒட்டிய வெள்ளைத் தாள். ராகினியின் உருண்டை எழுத்தில் ஒவ்வொரு பெயர். ஆட்கள் கிட்ட வந்து, குனிந்து, தங்கள் தங்கள் பெயரை வாசித்தார்கள். ஒருத்தி தன் மகளின் பெயரைக் கண்டு, அதைப் புரட்டி, பெயர் தெரியாதபடி மண்ணைப் பார்க்க வைத்தாள்.

விஜயகலாவுக்கு அந்த நாற்றம் பெரிதாகப் படவில்லை. அது மனிதர்களுடையது. அவளுக்குப் பொறுக்க முடியாமல் போனது மெத்தை நாற்காலிப் பக்கமிருந்து வந்த வார்த்தை. டொக்டர் கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து, வெகு சாதாரணமாக, சொன்னார்:

“சரி. ஒரு நிர்வாகத் தவறு நடந்திருக்கிறது. ராகினி, புதுப் போத்தல் இருக்கிறதா? ஆட்கள் எல்லாரும் இங்கேதானே இருக்கிறார்கள். இப்போதே எடுத்துவிடலாம்.”

சுந்தரலிங்கம் பழக்க தோஷத்தில் பதிவேட்டை எடுத்து முதல் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

“கூப்பிட்டுப் பாருங்கய்யா,” என்றாள் இருளாயி.

அவர் வாயை மூடினார். முப்பத்தேழு பேரும் வாசலில் நின்றார்கள். ஒருவரும் கை நீட்டவில்லை. பதினோரு இருபதுக்கு டொக்டர் படிவக் கட்டையும் கப்சூல் பெட்டியையும் தானே தூக்கிக்கொண்டு வேனுக்குப் போனார். சாக்கைச் சுற்றிப் போக வழியில்லாததால், பளபளக்கும் சப்பாத்தோடு வாய்க்காலுக்குள் இறங்கி ஏறினார்.

*

கடிதத்தை விஜயகலா பிள்ளைக் காம்பரா மேசையிலேயே எழுதினாள். இந்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்த ஒழுக்கநெறிக் குழுவுக்கு. பிரதி, பிராந்திய சுகாதாரப் பணிப்பாளருக்கு. முதலில் நடந்தவை, திகதியும் நேரமுமாக. அடுத்து, செல்லையாவின் வாக்குமூலம். அடுத்து, ராகினியின் வாக்குமூலம். அதை அவளே எழுதிக் கையொப்பமிட்டாள். இணைப்பாக, ரிப்போர்ட்டின் பிரதியும் டொக்டர் கைப்பட எழுதிய வரிகளும். போத்தல்கள் பூட்டிய ஸ்டோரில் இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று முடித்திருந்தாள். நாலு பக்கம். ஓட்டை இல்லை. இவ்வளவு திருத்தமாக அவள் எழுதி வருடக்கணக்காகிறது.

எல்லோரும் கேட்க வாசித்தாள்.

“பிரமாதம்,” என்றான் றிஸாத். “இதை வாசிச்சா அந்த ஆளுக்கே கிம்-வன் ஏறும்.”

செல்லையா தயங்கினார்.

“நல்லாத்தாங்க இருக்கு மிஸ். ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்காதீங்க.”

“சொல்லுங்க.”

“எனக்கு வருத்தம் இருக்கா, இல்லையா? அது இதுல எங்கயும் இல்லையே.”

விஜயகலா நாலு பக்கத்தையும் திரும்பப் பார்த்தாள். புரதம் இருந்தது. போத்தல் இருந்தது. டொக்டரின் பொய் வரிவரியாக இருந்தது. வீங்கிய காலோடு எதிரே நிற்கிற மனிதர் அதில் வெறும் சாட்சியாக மட்டும் இருந்தார். தன்மேலேயே அவளுக்கு ஒரு கசப்பு ஏறியது. அந்த மெத்தை நாற்காலிக்காரரைப் போலவே அவளும் காலையிலிருந்து இவரைப் பார்க்காமல் போத்தலைத்தான் பார்த்திருக்கிறாள்.

“தெரியாதுண்ணே,” என்றாள். “இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இதுவரைக்கும் ஒருத்தரும் பார்க்கவே இல்லை. பிரஷர் குளிசை கையில இருக்கா?”

“இருக்குங்க,” என்று இருளாயி மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். “தூக்கிப் போடச் சொன்னாங்க. நான் போடல.”

“அதையும் கிளினிக் கொப்பியையும் கையோட எடுங்க. இப்பவே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம். எட்டு நாள் விட்டிருக்கிறதைச் சொல்லி, அவங்க அளந்து பார்த்துச் சொல்ற மாதிரி குடிங்க. கிட்னியையும் அங்கேயே சோதிக்கட்டும்.”

பிறகு உட்கார்ந்து, கடைசிப் பக்கத்தின் அடியில் எழுதினாள்: ‘மேற்படி முப்பத்தெட்டுப் பேரில் எவருக்கு நோய் இருக்கிறது, எவருக்கு இல்லை என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. செல்லையா என்பவரின் கால் மூன்று மாதமாக வீங்கியிருக்கிறது. தண்டனை பற்றி யோசிப்பதற்கு முன்னர், தயவுசெய்து இவர்களைச் சோதித்து, உண்மை முடிவை ஒவ்வொருவர் கையிலும் தமிழில் எழுதிக் கொடுக்கவும்.’

“இப்ப சரியா?”

“சரிங்க,” என்றார் செல்லையா. அவருக்குக் கீழே முப்பத்தேழு பேரும் ஒப்பமிட்டார்கள். மைப்பெட்டியை டொக்டர் மறந்து விட்டுப் போயிருந்தார். எழுதத் தெரியாதவர்களுக்கு அது உதவியது.

மூன்று மணி தாண்டி ஐந்து நிமிடத்துக்கு, செல்லையாவையும் இருளாயியையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும் வழியில், த்ரீவீல் யட்டியாந்தோட்டைத் தபாற்கந்தோர் வாசலில் நின்றது. என்ஜினை அணைக்காமலே றிஸாத் திரும்பிப் பார்த்து, “சீக்கிரம் அக்கா, அண்ணனுக்கு இன்னும் தல சுத்துது,” என்றான். விஜயகலா கடித உறையின் மடிப்பில் பசை தடவி, கட்டை விரலால் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை அழுத்தி ஒட்டினாள். பதிவுத் தபால் என்று மேலே எழுதி, கவுண்டர் கம்பிக்குள் தள்ளினாள். உள்ளே இருந்த பெண் அதை நிறுத்து, முத்திரை குத்தி, கொழும்புப் பைக்குள் போட்டாள்.